வெயிலை உள்ளே அழைக்கும் கட்டடங்கள்

2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்ச மின்தேவை 20,830 மெகாவாட்டை எட்டியது. அதே மாதம் 30ஆம் தேதி நாட்டின் உச்ச மின்தேவை 250 கிகாவாட் என்ற அளவைத் தொட்டது. இரண்டும் அதுவரை காணாத உச்சங்கள். இரண்டும் கோடையின் உச்சியில் நிகழ்ந்தவை. இத்தகைய செய்தி வரும்போதெல்லாம் விவாதம் ஒரே திசையில்தான் செல்கிறது. இன்னும் எத்தனை அனல்மின் நிலையங்கள் தேவை, எவ்வளவு மின்சாரத்தை வெளியிலிருந்து வாங்குவது, என்ன விலைக்கு வாங்குவது என்பவையே பேசப்படுகின்றன. இவ்வளவு தேவை எங்கிருந்து எழுகிறது என்ற கேள்வி அரிதாகவே கேட்கப்படுகிறது.

கோடையில் தேவையைக் கூட்டுவது குளிர்சாதனம் என்பதில் ஐயமில்லை. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட இந்தியக் குளிர்விப்புச் செயல்திட்டம், 2017-18இல் இருந்ததைப்போல 2037-38இல் குளிர்விப்புத் தேவை ஏறத்தாழ 8 மடங்காகும் என மதிப்பிட்டது. நாட்டில் நுகரப்படும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் கட்டடங்கள் எடுத்துக்கொள்கின்றன. அதில் வீடுகளின் பங்கே பெரிது. ஆயினும் அலுவலகங்கள், வணிக வளாகங்கள், மருத்துவமனைகள், விடுதிகள் ஆகிய வணிகக் கட்டடங்களைத் தனியே கவனிக்க வேண்டிய காரணம் ஒன்று உண்டு. கோடிக்கணக்கான குடும்பங்களின் பழக்கத்தை மாற்றுவது நெடுங்காலப் பணி. ஆனால், 10 லட்சம் சதுர அடி அலுவலக வளாகம் ஒன்றின் மின்பசியைத் தீர்மானிப்பவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமரக்கூடிய சிலரே: முதலீட்டாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர், அனுமதி வழங்கும் அதிகாரி.

அவர்கள் எடுக்கும் முடிவின் ஆயுளும் நீளமானது. மின்விளக்கைச் சில ஆண்டுகளில் மாற்றிவிடலாம். குளிர்சாதன இயந்திரத்தைப் பதினைந்து, இருபது ஆண்டுகளில் மாற்றலாம். சுவர் எந்தத் திசையைப் பார்த்து நிற்க வேண்டும், அதில் எவ்வளவு கண்ணாடி இருக்க வேண்டும் என்ற முடிவோ ஐம்பது ஆண்டுகளுக்கு மாறாது. வரைபடத்தில் நேரும் பிழையை ஒவ்வொரு மாதமும் மின்கட்டணமாகச் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

கண்ணாடியின் கணக்கு

சென்னையின் ராஜீவ் காந்தி சாலையிலோ கிண்டியிலோ நின்று பார்த்தால், கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் எழுந்த அலுவலகக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றின் முகம் ஒன்றுபோலவே இருப்பது தெரியும். தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. நிழல் தரும் நீட்சி எதுவும் இல்லாத தட்டையான சுவர். இந்த வடிவம் குளிர்நாடுகளில் பிறந்தது. ஆண்டின் பெரும்பகுதி வெயிலுக்கு ஏங்கும் ஊரில், கண்ணாடி வழியே வரும் சூரிய வெப்பம் வரவேற்கத்தக்க விருந்தாளி. சென்னையில் அது அழையா விருந்தாளி. வந்தபின் அதை வெளியேற்ற மின்சாரம் செலவிட்டாக வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். தெளிந்த வானமுள்ள நாளில், மாலை நேரத்தில் மேற்குச் சுவரின் ஒரு சதுர மீட்டரில் 600 வாட் அளவுக்குச் சூரிய ஆற்றல் விழுகிறது எனக் கொள்வோம். சாதாரணத் தெளிந்த கண்ணாடி அதில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை உள்ளே விட்டுவிடும். 100 சதுர மீட்டர் கண்ணாடி என்றால் 48 கிலோவாட் வெப்பம் உள்ளே வருகிறது. இதை வெளியேற்ற மட்டும் ஏறத்தாழ 14 டன் குளிர்சாதனத் திறன் வேண்டும். அதே இடத்தில் வெப்பத்தில் 27 விழுக்காட்டை மட்டும் அனுமதிக்கும் கண்ணாடியைப் பொருத்தினால் 5 டன்னுக்கும் குறைவே போதும். கண்ணாடியின் பரப்பைப் பாதியாக்கினால் அதுவும் பாதியாகும். வெளியே நிழல் தடுப்பு அமைத்தால் மேலும் குறையும். இயந்திரத்தின் விலை, அதற்கான மின்மாற்றி, ஜெனரேட்டர், இணைப்பு பெறும் மின்சுமை என அனைத்தும் இந்த ஒரு முடிவைப் பின்தொடர்ந்து சுருங்குகின்றன.

கண்ணாடிக்குச் சொல்லப்படும் நியாயம், அது பகல் வெளிச்சத்தைத் தருகிறது என்பது. அது உண்மையே, ஆனால் முழு உண்மை அன்று. மேசையின் மட்டத்துக்குக் கீழே உள்ள கண்ணாடி, வேலை செய்பவரின் கண்ணுக்கு உதவும் வெளிச்சம் எதையும் தருவதில்லை; வெப்பத்தை மட்டுமே தருகிறது. மேலே உள்ள கண்ணாடி தரும் வெளிச்சமோ மட்டுமீறியதாக இருப்பதால், கணினித் திரையில் கண் கூசாமலிருக்கத் திரைச்சீலைகளை இறக்கிவிடுகிறார்கள். பின்னர் உள்ளே இருளாகிவிட்டதென்று விளக்குகளைப் போடுகிறார்கள். நடுப்பகலில், சென்னை வெயிலில், கண்ணாடி மாளிகைக்குள் மின்விளக்கின் ஒளியில் வேலை நடக்கிறது. இது பயனாளரின் தவறன்று, வடிவமைப்பின் தவறு.

வடக்குச் சுவரும் விதிவிலக்கன்று

கட்டட வடிவமைப்பு என்பது முதலில் சூரியனின் பாதையை அறிவது. சென்னை, வட அட்சரேகை 13 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் இறுதியில் நண்பகல் சூரியன் இங்கு நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்ட் நடுப்பகுதிவரை உச்சிக்கு வடக்கே நகர்ந்துவிடுகிறது. எனவே, கோடையில் தெற்குச் சுவரைவிட வடக்குச் சுவரில்தான் வெயில் படுகிறது. வட இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் ‘வடக்குப் பக்கம் எப்போதும் நிழல், அங்கே தாராளமாகச் சாளரம் வைக்கலாம்’ என்று சொல்லப்படும் பாடம் தமிழ்நாட்டுக்கு அப்படியே பொருந்தாது.

இந்த வேறுபாட்டை 2017ஆம் ஆண்டின் எரிசக்தி சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு அறிந்தே வைத்திருக்கிறது. வெப்பமான பகுதிகளில், 15 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே உள்ள ஊர்களில் வடக்குச் சாளரக் கண்ணாடிக்கு அது சலுகை தருகிறது. 50 விழுக்காடு வெப்பம் உட்புகலாம் என்கிறது. 15 டிகிரிக்குத் தெற்கே அந்தச் சலுகை இல்லை. எல்லாத் திசைகளுக்கும் 27 விழுக்காடுதான் உச்சவரம்பு. தமிழ்நாடு முழுவதும் இந்தக் கோட்டுக்குத் தெற்கேதான் இருக்கிறது. சுவர்ப் பரப்பில் 40 விழுக்காட்டுக்கு மேல் சாளரம் கூடாது என்பதும், மொட்டை மாடியில் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் பூச்சு வேண்டும் என்பதும் அதே தொகுப்பின் பொதுவழி நிபந்தனைகள். இவற்றை மீற விரும்புபவர், முழுக் கட்டடத்தின் ஆண்டு மின்நுகர்வையும் கணினி மாதிரியில் கணக்கிட்டு, விதிப்படியான கட்டடத்தைவிட அது அதிகம் உண்ணாது என்று நிறுவ வேண்டும்.

நமது வெயிலின் கோணம் நமக்குப் பல செய்திகளைச் சொல்கிறது. ஆண்டு முழுவதும் மிக அதிக வெப்பத்தை வாங்குவது மொட்டை மாடி. அதற்கு வெண்பூச்சும் வெப்பத்தடுப்பும் முதல் தேவை. அடுத்து, தாழ்வான வெயிலை நேருக்கு நேர் வாங்கும் கிழக்கும் மேற்கும். கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் நோக்கி அமைந்து, கிழக்கு மேற்குச் சுவர்கள் குறுகலாக இருப்பது நல்லது. மின்தூக்கி, படிக்கட்டு, கழிப்பறை, கிடங்கு ஆகியவற்றை மேற்கில் வைத்தால் அவையே அலுவலகத்துக்குக் குடையாகும். தெற்கிலும் வடக்கிலும் உயர்ந்த வெயிலைக் கிடைமட்டமான சிறு நீட்சி மறைத்துவிடும். கிழக்கிலும் மேற்கிலும் செங்குத்தான தடுப்புகள் தேவை. இவற்றில் எதுவும் இறக்குமதித் தொழில்நுட்பம் அன்று.

பழையதிலிருந்து எதை எடுப்பது?

இவ்விடத்தில் முன்னோரின் கட்டடக் கலையைப் போற்றிவிட்டு நிறுத்திக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் உண்டு. முற்றம், தாழ்வாரம், திண்ணை, சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த கனத்த சுவர், மெட்ராஸ் டெரஸ் எனப்பட்ட மரச்சட்டமும் செங்கல்லும் சேர்ந்த கூரை ஆகியவை இந்தத் தட்பவெப்பத்தைப் புரிந்துகொண்டவர்களின் படைப்புகள் என்பதில் ஐயமில்லை. சென்னையின் பழைய அரசுக் கட்டடங்கள் பலவற்றில் அறைக்கும் வெயிலுக்கும் இடையே அகன்ற தாழ்வாரம் நிற்பதை இன்றும் காணலாம்.

ஆனால், அந்தக் கட்டடங்களில் ஒரு தளத்துக்கு ஐந்நூறு பேரும் ஐந்நூறு கணினிகளும் இருந்ததில்லை. சென்னையின் உண்மையான பகை வெப்பம் மட்டுமன்று; ஈரப்பதமும்தான். மே மாத இரவுகளில்கூட வெப்பநிலை 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காத கடலோர நகரில், சாளரங்களைத் திறந்துவைத்தால் போதும் என்று சொல்வது நேர்மையாகாது. ராஜஸ்தானின் வறண்ட வெப்பத்தில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள இடைவெளியைக் கனத்த சுவர் பயன்படுத்திக்கொள்ளும். இங்கே அந்த இடைவெளி சிறிது. எனவே பழையதிலிருந்து எடுக்க வேண்டியது வடிவத்தை அன்று, வரிசையை. முதலில் நிழல், அடுத்து சுவரும் கூரையும், அதன்பின் எஞ்சும் வெப்பத்துக்கு மட்டும் இயந்திரம், கடைசியாகத்தான் மாடியில் சூரியத் தகடு. இன்று இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. வெயிலை உள்ளே விட்டு, பெரிய இயந்திரத்தால் அதைத் துரத்தி, மாடியில் சில தகடுகளை வைத்து ‘பசுமைக் கட்டடம்’ என்று பெயரிடுகிறோம். இருபது மாடிக் கட்டடத்தின் கூரைப் பரப்பு, அதன் இருபது தளங்களின் பசிக்கு ஈடாகாது என்பது எளிய கணிதம்.

இயந்திரத்திலும் தேர்வுகள் உள்ளன. ஹைதராபாத்தை அடுத்த போச்சாரத்தில் உள்ள இன்ஃபோசிஸ் வளாகத்தில் நடந்த ஒரு சோதனை இத்துறையில் உலகளவில் பேசப்பட்டது. ஒரே கட்டடத்தை இரு சம பாதிகளாகப் பிரித்து, ஒரு பாதியில் செம்மையாக வடிவமைக்கப்பட்ட வழக்கமான காற்றுவழிக் குளிர்விப்பையும், மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களைப் பதித்துக் குளிர்நீரை ஓடவிடும் கதிர்வீச்சுக் குளிர்விப்பையும் அமைத்தார்கள். ஒரே வெயில், ஒரே வகை வேலை. முழு ஆண்டு அளவீட்டில் கதிர்வீச்சுப் பாதி ஏறத்தாழ 34 விழுக்காடு குறைந்த மின்சாரத்தில் இயங்கியது. வெப்பத்தைச் சுமந்து செல்ல காற்றைவிடத் தண்ணீர் பலமடங்கு திறமையானது என்ற பள்ளிப்பாட உண்மைதான் அங்கே வேலை செய்தது. சென்னையில் அதே முறையைப் பின்பற்றினால், உள்ளே வரும் காற்றின் ஈரத்தை முதலில் தனியே பிழிந்தெடுக்க வேண்டும். இல்லையேல் குளிர்ந்த தளத்தில் நீர் கோத்துவிடும். ஆகவே ஒவ்வொரு ஊருக்கும் அதன் காற்றை அறிந்த வடிவமைப்பு தேவை.

தில்லியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் இயங்கும் இந்திரா பர்யாவரண் பவன் 2014இல் திறக்கப்பட்டது. நடுவில் திறந்த முற்றம், பகல் வெளிச்சத்தை நம்பிய அறைகள், குறைந்த மின்சாரத்தில் இயங்கும் குளிர்விப்பு ஆகியவற்றால் தேவையை முதலில் சுருக்கி, அதன்பின் 930 கிலோவாட் சூரியத் தகடுகளால் அதை ஈடுசெய்ய வேண்டும் என்ற திட்டத்துடன் அது எழுப்பப்பட்டது. வரிசையைச் சரியாகப் பின்பற்றிய அரசுக் கட்டடம் என்பதாலேயே அது முன்மாதிரி.

கம்பளிச் சால்வையும் 24 டிகிரியும்

மே மாதத்தில் சென்னை அலுவலகங்களில் சால்வை போர்த்தி அமர்ந்திருப்பவர்களைக் காண்பது புதிதன்று. தேவைக்கு மேல் பெரிய இயந்திரத்தைப் பொருத்துவதும், 20, 21 டிகிரியில் அதை ஓட்டுவதும் வழக்கமாகிவிட்டது. வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். 2020 ஜனவரி முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறைக் குளிர்சாதனங்கள் 24 டிகிரியை இயல்பு நிலையாகக் கொண்டே விற்கப்பட வேண்டும் என்பது விதி. ஆனால், பெரிய அலுவலகங்களின் மைய இயந்திரங்களை ஓட்டுபவர் ஒரு பராமரிப்பு ஒப்பந்ததாரரின் ஊழியர். வெக்கை என்று புகார் வந்தால் அவர் வேலைக்கு ஆபத்து. குளிர் என்று யாரும் புகார் எழுதுவதில்லை. அதனால் அவர் பாதுகாப்பான பக்கம் சாய்கிறார்.

வெப்பநாட்டு மனிதர்களுக்கு உகந்த வெப்பநிலை எது என்பதை அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்திய அலுவலகங்களிலேயே களஆய்வு செய்து ஒரு மாதிரியை உருவாக்கினர். வெளியே வெப்பம் கூடும் காலத்தில் உள்ளேயும் சற்றுக் கூடுதல் வெப்பத்தை மனிதர்கள் இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது அதன் சாரம். 26 டிகிரியும் மெல்லச் சுழலும் மின்விசிறியும், விசிறியில்லாத 23 டிகிரிக்கு ஈடான சுகத்தைத் தரக்கூடும். ஆனால், கூரையில் மின்விசிறி இருக்கும் அலுவலகம் மதிப்புக் குறைந்தது என்ற எண்ணத்தை எந்த விதித்தொகுப்பாலும் மாற்ற முடியாது.

கட்டுபவர் ஒருவர், கட்டணம் செலுத்துபவர் வேறொருவர்

இவ்வளவு தெரிந்திருந்தும் நல்ல கட்டடங்கள் ஏன் விதிவிலக்காகவே இருக்கின்றன? இதற்கான விடை பொறியியலில் இல்லை, வணிகத்தில் இருக்கிறது. அலுவலக வளாகத்தைக் கட்டுபவர் அதை வாடகைக்கு விடுகிறார். நல்ல கண்ணாடிக்கும், நிழல் தடுப்புக்கும், திறன்மிக்க இயந்திரத்துக்கும் கூடுதல் செலவு அவருடையது. அதனால் குறையும் மின்கட்டணம் வாடகைதாரருடையது. வாடகைதாரர் இடத்தைப் பார்க்க வரும்போது சதுர அடிக்கு என்ன வாடகை, எத்தனை வாகனம் நிறுத்தலாம் என்று கேட்கிறார். இந்தக் கட்டடம் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு எத்தனை யூனிட் மின்சாரம் உண்கிறது என்று கேட்பவர் மிகச் சிலர். கேட்டாலும் சொல்லும் கடமை எவருக்கும் இல்லை.

அந்த எண் எவ்வளவு முக்கியமானது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2009இல் எரிசக்தித் திறன் பணியகம் அலுவலகக் கட்டடங்களுக்கு நட்சத்திரத் தரவரிசையைத் தொடங்கியபோது, சென்னை போன்ற வெப்ப ஈரப் பகுதிகளில் சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 175 முதல் 200 யூனிட் வரை செலவிடும் குளிரூட்டப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு நட்சத்திரம் என்றும், 100 யூனிட்டுக்குக் கீழே செலவிடுவதற்கு ஐந்து நட்சத்திரம் என்றும் வகுத்தது. ஒரு லட்சம் சதுர அடி என்பது ஏறத்தாழ 9,290 சதுர மீட்டர். 200 யூனிட் கட்டடத்துக்கும் 100 யூனிட் கட்டடத்துக்கும் இடையே ஆண்டுக்கு 9.29 லட்சம் யூனிட் வேறுபாடு. கணக்கின் எளிமைக்காக யூனிட்டுக்கு 10 ரூபாய் எனக் கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 93 லட்சம் ரூபாய். நம் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது எனில், ஆண்டுக்கு 650 டன். ஒரே ஒரு லட்சம் சதுர அடிக்கான கணக்கு இது. ஐம்பது ஆண்டுகளுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், தொடக்கத்தில் மிச்சம்பிடித்த பணம் எவ்வளவு அற்பமானது என்பது விளங்கும்.

பசுமைச் சான்றிதழ்கள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இந்தியாவில் சான்றிதழ் இயக்கத்துக்கு நெடிய வரலாறு உண்டு. ஹைதராபாத்தில் 2003இல் கட்டப்பட்ட சிஐஐ-சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம், அமெரிக்காவுக்கு வெளியே லீட் அமைப்பின் பிளாட்டினம் தரம் பெற்ற முதல் கட்டடம். லீட், ஐஜிபிசி, கிரிஹா ஆகியவை இத்துறையில் விழிப்புணர்வை வளர்த்ததை மறுப்பதற்கில்லை. ஆனால், தண்ணீர், கட்டுமானப் பொருள், மிதிவண்டி நிறுத்துமிடம் எனப் பல தலைப்புகளில் மதிப்பெண் சேர்த்துத் தரப்படும் சான்றிதழ், கட்டடம் உண்மையில் எவ்வளவு மின்சாரம் உண்கிறது என்பதற்கு உறுதி ஆகாது. புதிய கட்டடத்துக்குத் தரப்படும் சான்று பெரும்பாலும் வரைபடத்தையும் கணிப்பையும் வைத்தே வழங்கப்படுகிறது. வரைபடம் வாக்குறுதி தரும். மின்மானிதான் உண்மை பேசும்.

சில நாடுகள் மின்மானியைப் பேசவைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியா 2010இல் இயற்றிய சட்டம், பெரிய அலுவலகத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ விளம்பரம் செய்யும்போது, உண்மையான நுகர்வின் அடிப்படையிலான தரக்குறியீட்டை அந்த விளம்பரத்திலேயே வெளியிட வேண்டும் என்றது. முதலில் 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கு என்றிருந்த வரம்பு, 2017இல் 1,000 சதுர மீட்டராகக் குறைக்கப்பட்டது. நியூயார்க் நகரில் பெரிய கட்டடங்கள் தங்கள் எரிசக்தித் தரத்தை எழுத்துக் குறியீடாக வாசலில் ஒட்டிவைக்க வேண்டும். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் கரியமில வெளியீட்டுக்கு 2019இல் சட்டம் இயற்றி, 2024 முதல் உச்சவரம்பும் விதித்திருக்கிறது அந்நகரம். குளிர்பதனப்பெட்டி வாங்கும்போது நட்சத்திரத்தை எண்ணும் நாம், பல கோடி ரூபாய்க்கு அலுவலகம் எடுக்கும்போது அதை எண்ணுவதில்லை என்பது விந்தை.

சட்டம் எங்கே நிற்கிறது?

சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. எரிசக்தி சிக்கனச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டது. கட்டட விதித்தொகுப்பு முதன்முதலில் 2007இல் வந்தது; 2017இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் இணைப்புச் சுமை அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவை உள்ள வணிகக் கட்டடங்களுக்கு அது பொருந்தும். 2022ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் பெரிய குடியிருப்புகளையும் வரம்புக்குள் கொண்டுவந்து, சுமை வரம்பைக் குறைத்துக்கொள்ள மாநிலங்களுக்கு இடமளித்தது. 2024இல் நீடித்த தன்மையையும் சேர்த்துப் புதிய தொகுப்பு வெளிவந்தது. ஆக, நூல்களுக்குப் பஞ்சமில்லை.

ஆனால், நிலமும் கட்டடமும் மாநிலங்களின் பொறுப்பு. மத்தியத் தொகுப்பை மாநிலம் தன் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்தி அறிவிக்க வேண்டும். அறிவித்ததை உள்ளாட்சியின் கட்டட விதிகளில் சேர்க்க வேண்டும். சேர்த்ததை வரைபட அனுமதியின்போதும் பணிநிறைவுச் சான்றின்போதும் சரிபார்க்க வேண்டும். இந்த மூன்றாம் படியில்தான் நல்ல விதிகள் தேங்கிவிடுகின்றன. வாகன நிறுத்துமிடத்தையும் தீயணைப்பு வழியையும் அளந்து பார்க்கும் அதிகாரிக்கு, கண்ணாடியின் வெப்ப எண்ணைச் சரிபார்க்கும் பயிற்சியோ நேரமோ தரப்படுவதில்லை.

இதற்கு மற்றொரு மாநிலம் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. தெலங்கானா, விதித்தொகுப்பைக் கட்டட அனுமதி நடைமுறையோடு இணைத்து, சரிபார்க்கும் பணியைத் தகுதிபெற்ற வெளி மதிப்பீட்டாளர்களிடம் ஒப்படைத்தது. 2023 ஏப்ரலில் தனியாகக் குளிர்கூரைக் கொள்கையை வெளியிட்டு, அரசு, வணிகக் கட்டடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கியது. ஹைதராபாத்தில் அலுவலகக் கட்டுமானம் அதனால் முடங்கிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வெளியே நிற்பவர்களின் பங்கு

எதிர்வாதங்களையும் எடைபோட வேண்டும். கட்டுமானச் செலவு கூடும் என்பது முதலாவது. நல்ல கண்ணாடி விலை அதிகம் என்பது உண்மை. ஆனால், கண்ணாடிப் பரப்பைக் குறைத்துச் செங்கல்லோ இலகு கட்டியோ வைத்தால் செலவு குறையவே செய்யும். இயந்திரத்தின் அளவு சுருங்குவதால் மேலும் குறையும். கூடுதல் செலவு பெரும்பாலும் முதலில் தவறாக வரைந்துவிட்டு, பின்னர் விலையுயர்ந்த பொருளால் அதைத் திருத்த முயலும்போதே வருகிறது. பன்னாட்டு நிறுவனங்கள் கண்ணாடி முகத்தைத்தான் விரும்புகின்றன என்பது இரண்டாவது. அந்த நிறுவனங்களில் பல, தங்கள் கரியமில வெளியீட்டைக் குறைப்பதாக உலகுக்கு வாக்களித்திருக்கின்றன. வாடகைக் கட்டடத்தின் மின்நுகர்வும் அந்தக் கணக்கில் சேரும் காலம் இது. புதிய கட்டுப்பாடு தொழில் தொடங்குவதைத் தாமதப்படுத்தும் என்பது மூன்றாவது. அந்த அச்சம் நியாயமானது. எனவேதான் புதிய அலுவலகம் ஒன்றை உருவாக்காமல், இருக்கும் ஒற்றைச்சாளர முறைக்குள்ளேயே இதைச் சேர்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு மூன்று யூனிட் வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரம், தெருவில் கொட்டுவது நான்கு யூனிட் வெப்பம். அந்தத் தெருவில் நிற்பவர் பேருந்துக்குக் காத்திருப்பவர், இளநீர் விற்பவர், உணவு கொண்டுவரும் இளைஞர், அந்தக் கட்டடத்தின் காவலாளி. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024இல் தமிழக அரசு அறிவித்தது. அந்தப் பேரிடரின் ஒரு பகுதியை நகரங்கள் தாமே உற்பத்தி செய்துகொள்கின்றன. கோடை உச்சத்தில் கூடுதல் விலைக்கு வாங்கப்படும் மின்சாரத்தின் சுமையும் கடைசியில் எல்லா நுகர்வோர் தலையிலும்தான் இறங்குகிறது. உள்ளே ஒருபோதும் நுழையாதவர்கள் அந்தக் கட்டடத்தின் குளிருக்கு விலை கொடுக்கிறார்கள். ஆகவே இது தனியார் ஒருவரின் மின்கட்டண விவகாரம் மட்டும் அன்று.

அரசு செய்யத்தக்கவை நான்கு. முதலாவதாக, விதித்தொகுப்புக்கு இணங்கியதைத் தகுதிபெற்ற மதிப்பீட்டாளர் சான்றளிக்காமல் பெரிய வணிகக் கட்டடங்களுக்குப் பணிநிறைவுச் சான்று வழங்கக் கூடாது. பொய்ச் சான்றளிப்பவர் உரிமம் இழக்க வேண்டும். இரண்டாவதாக, உயரழுத்த மின்இணைப்புள்ள ஒவ்வொரு வணிகக் கட்டடமும் சதுர மீட்டருக்கான ஆண்டு மின்நுகர்வை வாசலிலும் ஒரு பொது இணையதளத்திலும் வெளியிட வேண்டும். நுகர்வுத் தரவு மின்வாரியத்திடமும் பரப்பளவு திட்ட அனுமதி ஆவணத்திலும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டையும் இணைத்தால் போதும். மூன்றாவதாக, பசுமைக் கட்டடத்துக்கு எந்தச் சலுகை அளிப்பதாயினும், அது வரைபடத்துக்கு அன்றி, மூன்று ஆண்டு மின்மானி அளவுக்கு உரியதாக இருக்க வேண்டும். நான்காவதாக, அரசே முன்னின்று வழிகாட்ட வேண்டும். ஆட்சியர் அலுவலகம், அரசு மருத்துவமனை, டைடல் பூங்கா என அரசு எழுப்பும் ஒவ்வொரு புதிய கட்டடத்துக்கும் உச்ச நுகர்வு அளவை ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதிவிடலாம்.

தமிழ்நாட்டில் அலுவலகப் பரப்பு இன்னும் வேகமாகப் பெருகும். சென்னை மட்டுமன்றி, கோவை, மதுரை, திருச்சி, ஓசூர் ஆகிய நகரங்களும் இதற்கு ஆயத்தமாகின்றன. மலையடிவாரத்துக் கோவையின் காற்றும் கடலோரச் சென்னையின் காற்றும் வேறு. ஆனால் அங்கும் இதே கண்ணாடிப் பெட்டி வந்து நிற்கத் தொடங்கிவிட்டது. கட்டி முடித்த கட்டடங்களைத் திருத்துவது கடினம். பெரும் செலவு பிடிப்பது. கட்டப்போகும் கட்டடங்கள் இன்னும் காகிதத்தில் இருக்கின்றன. காகிதத்தில் ஒரு சாளரத்தைச் சிறிதாக்க எந்தச் செலவும் இல்லை. அந்தக் காகிதம் அனுமதி கேட்டு அரசின் மேசைக்கு வரும் நாளில் கேட்கப்படாத கேள்வியை, அடுத்த ஐம்பது கோடைகளிலும் மின்தொகுப்பு கேட்டுக்கொண்டிருக்கும்.